‘ஃபார்மட்’ போடும் முன்... கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள்!

‘ஓ.எஸ். போயிடுச்சுங்க. ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்!’

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது கேட்ட வாக்கியம் இது. கேட்டதும் நாமும் தலையாட்டிவிடுகிறோம். ‘ஓ.எஸ். போடுறது’ என்றால் வண்டிக்கு ஆயில் மாற்றுவதுபோல ஏதோ ஒரு வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். மாலையில் லேப்டாப் பளிச்சென்று திரும்பி வருகிறது. எல்லாம் புதிதாக இருக்கிறது. பழையது எதுவுமே இல்லை!

ஓ.எஸ். என்பது எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளக்கூடிய பொருள். அதே லேப்டாப்பில் இருக்கும் போட்டோக்களும் பத்திர நகல்களும் அப்படியல்ல. ஆகவே, ஓ.எஸ். போடுவது எப்படி என்பதற்கு முன்னால், போடத்தான் வேண்டுமா, போட்டால் எது போகும் என்று பார்க்க வேண்டும். இந்த வாரம் அதைத்தான் வரிசையாகப் பார்க்கப்போகிறோம்.

எளிதாகப் புரிய, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மகளுக்கு ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் அந்த வீட்டில் இருக்கிறது. மகள் இப்போது கல்யாணமாகி வெளியூரில். பீரோ மேல் கிடந்த லேப்டாப்பைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி எடுத்துத் தூசி தட்டுகிறான். உள்ளே அக்காவின் காலேஜ் ப்ராஜெக்ட், அப்பா சவுதியில் வேலை பார்த்தபோது அனுப்பிய போட்டோக்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் காப்பி எல்லாம் இருக்கின்றன. இடம் போதவில்லை என்று தம்பி ஒரு வீடியோவைப் பார்த்து, பெயரே இல்லாத ஒரு பார்ட்டிஷனை அழிக்கிறான். மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரை. ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று இரண்டு சொற்கள். அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை.

கற்பனை வீடுதான். ஆனால், சிக்கல் நிஜமானது.

2 ஓ.எஸ். வைத்த ஒரு லேப்டாப்

2011 செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்தநாளில், தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சம் அளவுக்கு லேப்டாப்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தன. முதன்முதலில் ஒரு கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வந்ததே இப்படித்தான் என்று சொல்லும் குடும்பங்கள் ஏராளம்.

அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு இன்னொரு ஓ.எஸ்-ஸும் இருந்தது. அதன் பெயர் ‘பாஸ்’. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் லினக்ஸை வைத்து உருவாக்கியது. ஆன் செய்ததும் ‘விண்டோஸா, பாஸா?’ என்று ஒரு பட்டியல் வரும். பெரும்பாலானவர்கள் விண்டோஸை மட்டும் தட்டிவிட்டு பாஸை மறந்துபோனார்கள். வருடங்கள் கழித்து, ‘இது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு?’ என்று அந்தப் பகுதியை அழித்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது.

ஏன்? அந்தப் பட்டியலைக் காட்டுகிற ‘க்ரப்’ என்ற சிறு புரோகிராமின் ஒரு துண்டு, டிஸ்க்கின் முதல் 512 பைட் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மீதித் துண்டு பாஸ் இருந்த பகுதியில் இருக்கிறது. பாஸை அழித்ததும் மீதித் துண்டும் போய்விட்டது. ஆன் செய்தவுடன் முதல் துண்டு எழுந்து மீதியைத் தேடுகிறது. காணவில்லை. ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று நின்றுவிடுகிறது.

ஆர்.எஸ்.மங்கலம்காரர்களுக்கு இதை அவர்கள் பாஷையிலேயே சொல்லிவிடலாம். ‘நாரை பறக்காத 48 மடை’ என்று பெயர்பெற்ற கண்மாய் அவர்கள் ஊருடையது. கண்மாய் நிறையத் தண்ணீர் இருந்தும் வயலுக்கு வரவில்லை என்றால், முதலில் மடையைத்தான் போய்ப் பார்ப்பார்கள். இங்கேயும் அதேதான். விண்டோஸ் அப்படியே இருக்கிறது. அப்பாவின் போட்டோக்கள் அப்படியே இருக்கின்றன. அடைத்துக்கொண்டது மடை மட்டும்தான். இதற்கு ஃபார்மட் போடுவது, மடை திறக்கவில்லை என்பதற்காகக் கண்மாயையே தூர்ப்பதுபோல!

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

திரையில் வருகிற எழுத்துகளை உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

‘நோ பூட்டபிள் டிவைஸ்’ அல்லது ‘ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால், பயப்படும் முன் செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். சில நேரம் லேப்டாப் அந்தப் பென் டிரைவில் ஓ.எஸ்-ஸைத் தேடிக்கொண்டிருக்கும்.

அப்படியும் வரவில்லையா? ஆன் செய்தவுடன் எஃப்2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். (ஹெச்.பி-யில் எஃப்10.) நீலமோ கறுப்போ ஒரு திரை வரும். அதுதான் பயாஸ். அதில் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். எதையும் மாற்ற வேண்டாம். பெயர் தெரிந்தால் டிஸ்க் பேசுகிறது, கோளாறு பெரும்பாலும் ஓ.எஸ். பக்கம்தான். பெயரே தெரியாவிட்டால் டிஸ்க் செத்திருக்கலாம், அல்லது இணைப்பு தளர்ந்திருக்கலாம். இந்த நிலையில் எத்தனை முறை ஓ.எஸ். போட முயன்றாலும் நடக்காது.

அதே திரையில் தேதியையும் பாருங்கள். பல வருடம் முந்தைய தேதியைக் காட்டினால், போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பல லேப்டாப்களில் சிஆர்2032 என்ற வகை, பெரிய விலை இல்லை. பீரோ மேல் வருடக்கணக்கில் கிடந்த லேப்டாப்களுக்கு இது சாதாரணமாக வரும். பேட்டரி தீர்ந்ததும் பயாஸ் தன் பழைய அமைப்புகளுக்குத் திரும்பிவிடும். அதனால் நல்ல நிலையில் இருக்கும் விண்டோஸ்கூடத் திறக்காமல் போகலாம். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களும் ‘பாதுகாப்பில்லை’ என்று முரண்டு பிடிக்கும்.

டிஸ்க்கிலிருந்து ‘டிக்... டிக்...’ என்று சத்தம் கேட்டால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். மேற்கொண்டு ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பதை மீட்கும் வாய்ப்பு குறையும். அது டேட்டா மீட்பவர்களின் வேலை. ஃபார்மட் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

தண்ணீரை முதலில் வெளியே எடுங்கள்

டிஸ்க் உயிரோடு இருக்கிறது, ஓ.எஸ். மட்டும் திறக்கவில்லை என்றால், ஃபைல்களை எடுக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, லினக்ஸ் பென் டிரைவ். லினக்ஸ் மின்ட் போன்றவற்றை லேப்டாப்பில் போடாமலே, பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம். அப்படித் திறந்தால் உங்கள் சி, டி டிரைவ்கள் ஃபோல்டர்களாகத் தெரியும். ‘டாக்குமென்ட்ஸ்’, ‘பிக்சர்ஸ்’, ‘டெஸ்க்டாப்’, ‘டவுன்லோட்ஸ்’ நான்கையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி செய்துகொள்ளுங்கள். டெஸ்க்டாப்பை மறந்துவிடாதீர்கள். நம் ஊரில் பாதிப் பேர் எல்லாவற்றையும் அங்கேதான் போட்டு வைக்கிறோம். டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருப்பது. ‘சி மட்டும்தான் அழிப்போம், டி பத்திரம்’ என்று கடையில் சொன்னாலும், டெஸ்க்டாப் போய்விடும்!

இரண்டு, டிஸ்க்கைக் கழற்றி யு.எஸ்.பி. கேபிள் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பது. கடைக்காரர்களிடம் அந்த கேபிள் இருக்கும். ‘அண்ணே, முதல்ல டேட்டாவை எடுத்துக் குடுத்துருங்க, அப்புறம் ஓ.எஸ். போட்டுக்கலாம்’ என்று கேட்டால் செய்து தருவார்கள். தனிக் கட்டணம் கேட்கலாம். கொடுப்பதில் தப்பில்லை.

இங்கே புதிய லேப்டாப்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 11-ல், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி இப்போது பல லேப்டாப்களில் இருக்கிறது. திருடன் எடுத்துப்போனால் படிக்க முடியாது என்பதற்காக வைத்தது. ஆனால், ஓ.எஸ். கெட்டுப்போனால் உரிமையாளரும் வெளியேதான் நிற்க வேண்டும்! லினக்ஸ் பென் டிரைவில் திறந்தாலும் சாவி கேட்கும். அந்தச் சாவி 48 இலக்கம் கொண்டது. 48 மடை ஊர்க்காரர்கள் இந்த எண்ணிக்கையை மறக்க மாட்டார்கள். ஆனால் 48 இலக்கத்தையும் யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் ‘பிட்லாக்கர் ரெக்கவரி கீ’ என்று அது சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் நன்றாக இருக்கும்போதே அதை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கின் பாஸ்வேர்டும் நினைவில்லை, சாவியும் இல்லை என்றால் உள்ளே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான்.

மடையைத் திறப்பது எப்படி?

நம் கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். ஃபைல்களைக் காப்பி எடுத்தாயிற்று. இப்போது ‘க்ரப் ரெஸ்க்யூ’வுக்கு மருந்து.

விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவைச் செருகித் திறக்க வேண்டும். ‘இன்ஸ்டால் நவ்’ பட்டனைத் தொடாதீர்கள். அதே திரையின் கீழே இடது மூலையில் ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதற்குள் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ போய், ‘பூட்ரெக்’ என்ற கட்டளையை ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்ற சேர்க்கையோடு கொடுத்தால், அந்த முதல் 512 பைட்டில் இருக்கும் க்ரப் துண்டை நீக்கிவிட்டு விண்டோஸ் தன் சொந்தத் துண்டை எழுதிக்கொள்ளும். பென் டிரைவைப் பிடுங்கி மறுபடி ஆன் செய்தால், பெரும்பாலும் பழைய விண்டோஸ் பழைய வால்பேப்பரோடு வந்து நிற்கும். மொத்த வேலை பத்து நிமிடம்.

பழைய, லெகஸி முறையில் ஓடும் லேப்டாப்களுக்கான மருந்து இது. சமீபத்தில் வாங்கிய லேப்டாப்களில் திறக்கும் முறையே வேறு. அவற்றில் அதே ‘ரிப்பேர்’ பகுதியில் இருக்கும் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’-ஐ முதலில் முயன்று பாருங்கள். கடையில் கொடுப்பதாக இருந்தால், ‘பாஸ் பார்ட்டிஷனை அழிச்சதால க்ரப் ரெஸ்க்யூ வருது. பூட் ரிப்பேர் மட்டும் செஞ்சு பாருங்கண்ணே’ என்று சொல்லுங்கள். விவரம் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று அவருக்கும் புரிந்துவிடும்.

சரி, போட்டே ஆக வேண்டும் என்றால்?

வைரஸ் அரித்துவிட்டது, ரிப்பேரும் வேலை செய்யவில்லை, டிஸ்க்கையே மாற்றிவிட்டோம்... இப்படிப்பட்ட நேரங்களில் புதிதாக ஓ.எஸ். போட்டுத்தான் ஆக வேண்டும். எங்கெங்கே சிக்கும் என்று பார்த்துவிடுவோம்.

பென் டிரைவ் தயாரிப்பது: குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவ் வேண்டும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆகவே காலியானதை எடுங்கள். மைக்ரோசாஃப்ட் இணையதளத்திலேயே ‘மீடியா கிரியேஷன் டூல்’ இலவசமாகக் கிடைக்கிறது. வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதை ஓட்டினால் பென் டிரைவைத் தானே தயார் செய்துவிடும். விண்டோஸ் ஃபைல் 5 ஜிபிக்கும் மேல் இருக்கும். நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி மொபைல் டேட்டா வைத்திருப்பவர்கள் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்க முயன்றால் பாதியிலேயே நின்றுவிடும். வைஃபை உள்ள உறவினர் வீடோ, பிரவுசிங் சென்டரோ நல்லது.

ஃபைலை அப்படியே பென் டிரைவில் காப்பி-பேஸ்ட் செய்தால் வேலை செய்யாது. அதைத் திறக்கக்கூடிய முறையில் எழுதுவதற்கு ரூஃபஸ் போன்ற மென்பொருள் வேண்டும். வீட்டில் வேறு கம்ப்யூட்டரே இல்லை, போன் மட்டும்தான் இருக்கிறது என்றால், ‘எட்ச்டிராய்ட்’ என்ற ஆண்ட்ராய்டு ஆப் இருக்கிறது. ஓ.டி.ஜி. கேபிளில் பென் டிரைவை மாட்டி லினக்ஸை எழுதிக்கொள்ளலாம். விண்டோஸுக்கு அது உதவாது.

பென் டிரைவிலிருந்து திறப்பது: ஆன் செய்தவுடன் தட்ட வேண்டிய பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லெனோவோ, டெல், ஏசரில் எஃப்12. ஹெச்.பி-யில் எஃப்9. அசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யாவிட்டால், பயாஸுக்குள் போய் ‘எஃப்12 பூட் மெனு’ என்பதை முதலில் ஆன் செய்ய வேண்டும்.

டிஸ்க்கே காணோம்: இன்ஸ்டால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். எந்த டிஸ்க்கில் போடுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருக்கும். உடனே டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இன்டெல் 11-ம் தலைமுறை ப்ராசஸரிலிருந்து பல லேப்டாப்களில் ‘விஎம்டி’ என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு அதன் டிரைவர் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் ‘இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை இறக்கி, பென் டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும்.

எம்பிஆர், ஜிபிடி சண்டை: ‘இந்த டிஸ்க்கில் எம்பிஆர் இருக்கிறது, ஜிபிடி-யில்தான் போட முடியும்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம் வந்து நிற்கும். பழைய முறையில் வகுத்த டிஸ்க்கில், பென் டிரைவைப் புதிய முறையில் திறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இங்கேதான் பலர் எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துவிடுகிறார்கள். வேண்டியதில்லை. லேப்டாப்பை அணைத்து, பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு பெயரில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்றில் ‘யுஇஎஃப்ஐ’ என்று முன்னால் இருக்கும். அது இல்லாத மற்றதைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் சண்டை தீர்ந்துவிடும்.

சி எது, டி எது? இந்தத் திரையில்தான் மிகவும் கவனம் வேண்டும். இங்கே சி, டி என்று பெயர் இருக்காது. ‘டிரைவ் 0 பார்ட்டிஷன் 1, 2, 3...’ என்று எண்கள்தான். அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். சி 100 ஜிபி, டி 200 ஜிபி என்று முன்பே குறித்து வைத்திருந்தால் இங்கே கை நடுங்காது. ‘ஃபார்மட்’ கொடுத்தால் அந்த ஒரு பகுதி மட்டும் காலியாகும். ‘டெலீட்’ என்று எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே போனால் டி-யும் சேர்ந்து போகும். வெளி ஹார்ட் டிஸ்க்கை இந்த நேரத்தில் மாட்டி வைக்காதீர்கள். அதுவும் இந்தப் பட்டியலில் வந்து நிற்கும்!

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து: இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் ஆகும். திரும்பவும் அதே ‘இன்ஸ்டால் நவ்’ திரை வரும். மறுபடி போடுவீர்கள். மறுபடி அதே திரை. இதற்குக் காரணம் ஒன்றுதான். லேப்டாப் டிஸ்க்கை விட்டுவிட்டு பென் டிரைவையே திரும்பத் திரும்பத் திறக்கிறது. முதல் ரீஸ்டார்ட்டின்போது பென் டிரைவைப் பிடுங்கிவிடுங்கள்.

மின்சாரம்: பழைய லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். சார்ஜரில்தான் ஓடும். இன்ஸ்டால் நடுவில் கரன்ட் போனால் வேலை பாதியில் நிற்கும். ஃபைல்களை முன்பே எடுத்துவிட்டீர்கள் என்றால் பெரிய நஷ்டமில்லை, மறுபடி போட்டுக்கொள்ளலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதில் மாட்டுங்கள்.

போட்ட பிறகு வரும் தலைவலிகள்

வைஃபை வராது: புதிய விண்டோஸுக்கு உங்கள் வைஃபை சாதனத்தின் டிரைவர் தெரியாமல் இருக்கலாம். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும்! இந்தச் சுழலை உடைக்கக் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும். டேட்டா கேபிளில் போனை லேப்டாப்பில் மாட்டி, போன் செட்டிங்ஸில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ ஆன் செய்யுங்கள். வைஃபை இல்லாமலே நெட் வந்துவிடும். பிறகு ‘விண்டோஸ் அப்டேட்’ மீதி டிரைவர்களைத் தேடிக்கொள்ளும். நெட் இணைத்தால்தான் மேலே போவேன் என்று விண்டோஸ் 11 அடம்பிடிக்கும் இடத்திலும் இதே வழி கைகொடுக்கும்.

தமிழ் ஃபைல்கள் கிறுக்கலாகத் தெரியும்: கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பத்திர வாசகம் என்று பழைய தமிழ் ஃபைல்களைத் திறந்தால் சம்பந்தமே இல்லாத ஆங்கில எழுத்துகளாக இருக்கும். ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று அழித்துவிடாதீர்கள். அவை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை. ஃபார்மட்டில் எழுத்துரு போய்விட்டது, ஃபைல் அப்படியே இருக்கிறது. அந்த எழுத்துருவைத் திரும்பப் போட்டால் தமிழ் வந்துவிடும். காப்பி எடுக்கும்போதே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் இந்தத் தேடலே வேண்டாம்.

ஆக்டிவேஷன்: லேப்டாப் வாங்கும்போதே அசல் விண்டோஸ் 8, 10, 11 இருந்ததென்றால், சாவி பெரும்பாலும் போர்டுக்குள்ளேயே இருக்கும். கீ கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்று கொடுத்துவிட்டு, முன்பு இருந்த அதே பதிப்பைப் போடுங்கள். நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். முன்பு ‘ஹோம்’ இருந்த இடத்தில் ‘ப்ரோ’ போட்டால் ஆகாது. கடையில் ‘ஆக்டிவேட்டர்’ என்று ஒன்றை ஓட்டி முடித்துக் கொடுப்பார்கள். அதை ஓட்டுவதற்கு முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துவார்கள். வாசல் காவலை அனுப்பிவிட்டு உள்ளே விடுகிற ஆள் யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதே லேப்டாப்பில்தான் நாளை பேங்க் கணக்கைத் திறக்கப்போகிறீர்கள்.

பழைய லேப்டாப்புக்கு எந்த ஓ.எஸ்.?

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், குறைந்தது 4 ஜிபி ரேமும், மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள ப்ராசஸரும் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ம் தலைமுறைக்கு மேல். 2 ஜிபி ரேமோடு வந்த ஆரம்ப கால அரசு லேப்டாப்கள் இதற்கு எட்டாது. குறுக்கு வழியில் ஏற்றினாலும் நத்தையாக நகரும்.

அப்படியானால் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, ரேமை 4 ஜிபியாக்கி, லினக்ஸ் மின்ட்டின் ‘எக்ஸ்எஃப்சிஇ’ பதிப்பைப் போடுங்கள். இணையம், பி.டி.எஃப்., லிப்ரே ஆபீஸ், தமிழ் தட்டச்சு எல்லாவற்றுக்கும் போதும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கழற்றிய பழைய டிஸ்க்கை ஃபார்மட் போடாமல் அப்படியே ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தினால், ஏதாவது காப்பி எடுக்க மறந்திருந்தாலும் பின்னால் எடுத்துக்கொள்ளலாம்.

அப்பா போட்டோக்களைப் பார்த்துத் திரும்ப பாஸ் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டால், தாராளமாக. சி-டாக் அதன் புதிய பதிப்புகளையும் இலவசமாகவே தருகிறது.

கடையில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எல்லோராலும் வீட்டிலேயே இதைச் செய்ய முடியாது. கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் லேப்டாப்பைக் கையில் கொடுக்கும் முன் இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

‘அண்ணே, டிஸ்க் நல்லா இருக்கா, ஓ.எஸ். மட்டும்தான் போயிருக்கா?’

‘ஃபார்மட் போடாம ரிப்பேர் செஞ்சு பாத்தீங்களா?’

‘போடுறதா இருந்தா, எந்தப் பார்ட்டிஷன் அழியும்? டெஸ்க்டாப்புல இருக்கறதை எடுத்துட்டீங்களா?’

நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். ‘நான் பாத்துக்கறேம்மா, நீங்க சாயந்தரம் வாங்க’ என்று மட்டும் பதில் வந்தால், லேப்டாப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். வாங்கிய பிறகு பணம் கொடுக்கும் முன், கடையிலேயே நான்கு போட்டோ, இரண்டு டாக்குமென்ட் திறந்து பாருங்கள். ஃபோல்டர் பெயர் இருக்கிறது என்பதால் உள்ளே ஃபைல் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இந்த வார வீட்டுப்பாடம்

லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளுக்குத்தான் இந்த வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும்.

1. போட்டோக்களையும் பத்திர நகல்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், கூகுள் டிரைவ் போன்ற ஓரிடத்திலும் காப்பி எடுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் அது காப்பி இல்லை.

2. விண்டோஸ் 11 என்றால் 48 இலக்கச் சாவியை எடுத்து, ரேஷன் கார்டு, பத்திரம் இருக்கும் பையில் எழுதி வையுங்கள்.

3. சி எத்தனை ஜிபி, டி எத்தனை ஜிபி, லேப்டாப் மாடல் என்ன என்று அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பெயர் தெரியாத பார்ட்டிஷனை யாரும் அழிக்கக் கூடாது என்று வீட்டுத் தம்பிகளிடம் சொல்லி வையுங்கள்!